ஒரு நாள் உழவும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலச் சொற்களை எப்படிக் கற்பிப்பது என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதிய உணவுக்குப் பிறகான நேரம் இது. பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் என் பேச்சு உங்களுக்குத் தாலாட்டாகிவிடும். அதனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தைக் கற்பதற்கு முன்பே, வீட்டுத் திண்ணையில் கேட்டுப் பழகிய ஆங்கிலச் சொல் அது. 'ஏக்கர்'.

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதில் என் தவறும் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

24 ஆண்டுகளுக்கு முன், டெல்டா பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலமும் கணக்கும் நான்தான். ஒருநாள் பரப்பளவு அலகுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு ஏக்கர் என்றால் 4,840 சதுர கெஜம்; அதாவது 43,560 சதுர அடி. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து நின்றான். "சார், ஏன் 43,560? நாற்பதாயிரம்னு முழுசா வெச்சிருக்கலாமே?" என்றான்.

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "வெள்ளைக்காரன் அப்படி வெச்சுட்டுப் போயிட்டான். நீ எழுதுடா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுக்க அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவுமில்லை.

பல ஆண்டுகள் கழித்து, உழவு சம்பந்தமான ஓர் ஆங்கிலப் பாடத்துக்காக அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய கேள்விக்கான பதில் கிடைத்தது. இன்று நான் உங்களிடம் சொல்லப்போவது அந்தப் பதிலைத்தான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறத்தாழ 'அக்கெர்' என்று ஒலித்தது. அன்றைக்கு அது ஓர் அளவே அல்ல. திறந்த வெளி, வயல் என்பதுதான் பொருள். எண்ணோ எல்லையோ அதில் கிடையாது. ஆங்கிலத்துக்கு உறவு மொழியான ஜெர்மனில் 'ஆக்கர்' என்றால் இன்றும் வயல்தான். லத்தீனில் 'அகெர்', கிரேக்கத்தில் 'அக்ரோஸ்', சமஸ்கிருதத்தில் 'அஜ்ர' எல்லாம் இதே குடும்பம். வேளாண்மையைக் குறிக்கும் 'அக்ரிகல்ச்சர்' என்ற சொல்லின் முதல் பாதி அந்த லத்தீன் 'அகெர்'. ஆகவே 'ஏக்கர்', 'அக்ரிகல்ச்சர்' இரண்டும் ஒரே பாட்டியின் பேத்திகள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நீளமான அந்தச் சொல்லைக் கண்டு பயப்படுகிற பிள்ளைக்கு, அதன் உறவுக்காரர் ஒருவர் ஏற்கெனவே நம் வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் பயம் பாதி குறைந்துவிடும்.

வயல் என்ற பொருளுடைய சொல் அளவாக மாறியது எப்படி? உழவன் வயலைத் தன் உழைப்பால் அளந்தான். ஏரில் மாடுகளைப் பூட்டி ஒரு நாளில் எவ்வளவு உழ முடியுமோ, அவ்வளவு நிலம் ஒரு ஏக்கர். ஐரோப்பாவில் இப்படி அளந்தவர்கள் ஆங்கிலேயர் மட்டுமல்ல. ஜெர்மானியரிடம் 'மோர்கன்' என்ற நில அளவு இருந்தது. அந்தச் சொல்லுக்குக் காலை என்று பொருள். ஒரு காலைப்பொழுதில் உழும் நிலம். பவேரியாவில் 'டாக்வெர்க்' என்றார்கள். ஒரு நாள் வேலை என்று பொருள்.

இனி அந்தப் பையனின் எண்ணுக்கு வருவோம். இடைக்கால இங்கிலாந்தில் களிமண் நிலங்களை உழக் கனமான ஏர் வேண்டியிருந்தது. அதற்கு எட்டு மாடுகள் வரை பூட்டினார்கள். இரண்டு மாட்டைத் திருப்புவதே எவ்வளவு சிரமம் என்று உழுதவர்களுக்குத் தெரியும். எட்டு மாட்டை வரப்போரத்தில் திருப்புவதை நினைத்துப் பாருங்கள். அதனால் அடிக்கடி திருப்ப வேண்டாதபடி நிலத்தை நீள நீளமான பட்டைகளாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டையில் ஓர் உழவுசாலின் நீளம் 220 கெஜம், அதாவது 660 அடி. உழவுசாலுக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'ஃபூர்ஹ்', நீளத்துக்கு 'லாங்'. இரண்டும் சேர்ந்ததுதான் 'பர்லாங்'. நம் தாத்தாக்கள் "ரெண்டு பர்லாங்கு நடக்கணும்" என்று சொன்ன அதே பர்லாங்கு. அவர்கள் சொன்ன தூரத்துக்குள் ஓர் உழவுசால் இருந்தது.

பட்டையின் அகலம் 22 கெஜம், அதாவது 66 அடி. நீளத்தையும் அகலத்தையும் பெருக்குங்கள். 660 பெருக்கல் 66. விடை 43,560.

அந்தப் பையன் கேட்ட எண் இதுதான். யாரோ அதிகாரி மேசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வைத்த எண் அல்ல.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். உழவுசாலின் அகலம் ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். 66 அடி அகலத்தை உழுது முடிக்க 66 சால் போக வேண்டும். ஒவ்வொரு சாலும் 660 அடி. ஏருக்குப் பின்னால் உழவன் நடந்த தூரம் 43,560 அடி. சதுர அடியில் நிலத்தின் பரப்பும், அடிக்கணக்கில் அவன் நடந்த தூரமும் ஒரே எண். அது எட்டேகால் மைல். கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். சாலின் அகலம் 9 அங்குலம் என்றால் 11 மைல். திரும்பும்போது நடப்பது இதில் சேரவில்லை. ஈர மண்ணில், ஏரை அழுத்திப் பிடித்தபடி, மாட்டை அதட்டிக்கொண்டு நடந்த நடை அது. 43,560 என்பதை மனப்பாடம் செய் என்று சொன்னேனே, அதற்குள் ஒரு மனிதனின் ஒரு நாள் நடை இருக்கிறது என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

ஆனால் ஒரு நாள் உழவு எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்குமா? மண்ணைப் பொறுத்தது, மாட்டைப் பொறுத்தது. எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியிடம், "நாட்டு ஏர்ல ஒரு நாளைக்கு எவ்வளவு உழுவீங்கன்னு தாத்தாவைக் கேட்டுட்டு வாம்மா" என்றேன். மறுநாள் வந்து, "'எந்த வயல்னு உங்க வாத்தியாரைக் கேட்டுட்டு வா'ன்னு சொன்னாரு சார்" என்றாள். அளவியலின் சிக்கல் முழுவதையும் அந்தப் பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அங்கேயும் அதே சிக்கல்தான். இங்கிலாந்து ஏக்கர் 4,840 சதுர கெஜம் என்றால் அயர்லாந்தில் வழங்கிய ஏக்கர் 7,840 சதுர கெஜம். சொல் ஒன்று, நிலம் வேறு. குத்தகையும் வரியும் வாங்குகிறவர்களுக்கு இது சரிப்படாது. அரசுகள் சட்டம் போட்டு அளவை நிலைப்படுத்தின. 1824-இல் பிரிட்டன் கொண்டுவந்த எடையளவைச் சட்டம் 4,840 சதுர கெஜத்தையே பொது ஏக்கராக வைத்தது. வெளியாக இருந்த சொல் உழைப்பாகி, உழைப்பு எண்ணாகி நின்றது.

நடுவில் ஒரு கணித அறிஞரையும் சொல்ல வேண்டும். எட்மண்ட் கன்டர். 1620-இல் நிலம் அளக்க அவர் ஒரு சங்கிலியை வடிவமைத்தார். நீளம் 66 அடி. அதாவது ஏக்கர் பட்டையின் அகலம். அதில் 100 கண்ணிகள். 10 சங்கிலி சேர்ந்தால் ஒரு பர்லாங்கு. 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நாற்பது, நான்கு என்று கணக்கு வைத்திருந்த பழைய உழவு அளவுகளைப் பத்தின் மடங்குகளுக்குள் கொண்டுவந்துவிட்டார். 22 கெஜம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். கிரிக்கெட் ஆடுகளத்தில் ஒரு ஸ்டம்பிலிருந்து எதிர் ஸ்டம்புக்கு உள்ள தூரமும் ஒரு சங்கிலிதான். 1744-ஆம் ஆண்டு விதிகளிலேயே அந்த 22 கெஜம் இருக்கிறது. ஏக்கரைப் பிள்ளைகள் மனத்தில் பதிய வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அகலம் ஒரு பிட்ச், நீளம் பத்து பிட்ச்.

இந்தச் சொல் நம் ஊருக்கு வந்ததும் வரியோடும் சங்கிலியோடும்தான். ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலையும் தனியே அளந்து தீர்வை விதிக்க வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணம் முழுவதும் நில அளவை நடந்தபோது ஏக்கர் நம் கணக்கில் ஏறியது. ஏக்கரை நூறாகப் பிரித்துச் 'சென்ட்' என்றார்கள். லத்தீனில் 'சென்டும்' என்றால் நூறு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கன்டர் சங்கிலிக் கணக்கில் சரியாக 1,000 சதுரக் கண்ணி. மனைக் கணக்கில் சென்ட் என்பது நம் தென்னிந்திய வழக்கு; இங்கிலாந்தில் நிலத்தை யாரும் சென்டில் பேசுவதில்லை.

நம்மிடம் அளவு இல்லாத இடத்தில் ஏக்கர் வந்து உட்காரவில்லை. எங்கள் டெல்டாவில் குழி, மா, வேலி என்று கணக்கு இருந்தது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்ற சொல்லே தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும். இன்றும் ஊரில் "மூணு மா ஒரு ஏக்கர்" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் 'கோட்டை விதைப்பாடு' என்பார்கள். ஒரு கோட்டை நெல் விதைக்கப் போதுமான நிலம் என்று பொருள். ஆங்கில உழவன் நிலத்தை உழைப்பால் அளந்தான், நம் உழவன் விதையாலும் அளந்தான். ஒரு வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால், ஆங்கிலம் ஏதோ மேலே இருந்து இறங்கி வந்த மொழி என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு இருக்காது. அதுவும் வயலில் நின்றவர்கள் பேசிய மொழிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சொல் வரலாற்றில் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பக் கூடாது. முன்பு ஒரு பயிற்சியில் நண்பர் ஒருவர், "ஏர் என்பதிலிருந்துதான் ஏக்கர் வந்தது" என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, கைதட்டல்கூட விழுந்தது. ஆனால் பழைய வடிவத்தைப் பாருங்கள். 'அக்கெர்', 'அகெர்', 'அக்ரோஸ்' என்று எல்லாவற்றிலும் ககர ஒலியோ அதன் இனமோ வேரிலேயே இருக்கிறது. நம் 'ஏர்' அந்தக் குடும்பம் அல்ல.

இதைவிட வேடிக்கை நம் பட்டாவில் இருக்கிறது. இந்தியா 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவுக்கு மாறியது. இன்று பட்டாவில் பரப்பு என்ற தலைப்பின் கீழ் 'ஹெக் - ஏர்' என்று அச்சாகியிருக்கும். ஒரு மாணவன் அதைப் பார்த்துவிட்டு, "சார், எங்க நிலத்துக்கு எத்தனை ஏர் வேணும்னு போட்டிருக்காங்களா?" என்று கேட்டான். தமிழ் எழுத்தில் பார்த்தால் அவன் கேட்டது சரிதானே? அந்த ஏர், 1795-இல் பிரான்சு தன் மெட்ரிக் முறைக்காக உருவாக்கிய அலகு. 100 சதுர மீட்டர். லத்தீன் 'ஏரியா'விலிருந்து பிறந்தது. அது நம் ஏரும் அல்ல, ஏக்கரின் சொந்தமும் அல்ல. ஹெக்டேரில் வரும் 'ஏர்' அதுதான். முன்னால் உள்ள 'ஹெக்' கிரேக்கத்தில் நூறு. ஏக்கர், ஹெக்டேர் இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர் என்ற உறவு மட்டும்தான் அவற்றுக்குள்.

ஆங்கிலேயரும் இதே போல ஏமாந்திருக்கிறார்கள். ஓக் மரத்தின் கொட்டைக்கு ஆங்கிலத்தில் 'ஏகார்ன்' என்று பெயர். அது 'ஏக்கர்' குடும்பச் சொல். திறந்தவெளியில் கிடைக்கும் கனி என்பது பழைய பொருள். பிற்காலத்தில் மக்கள் அதை 'ஓக்'கும் தானியத்தைக் குறிக்கும் 'கார்ன்'உம் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்புக்கு ஏற்ப எழுத்தும் மாறிவிட்டது. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. எல்லாம் தெரிந்தவன் போல நடப்பவனை 'வைஸ்ஏக்கர்' என்பார்கள். அதில் ஏக்கர் முழுசாகத் தெரிகிறது. ஆனால் அது குறி சொல்பவரைக் குறித்த ஒரு டச்சுச் சொல்லின் திரிபு. நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உறவாகத் தெரியாதது உறவு. உறவாகத் தெரிவது உறவில்லை. பிள்ளைகள் தாமாகச் சொற்பிறப்பு சொல்ல வரும்போது தடுக்காதீர்கள். "நல்லா இருக்கு, இதோட பழைய வடிவம் என்னன்னு பார்ப்போமா?" என்று மட்டும் கேளுங்கள். ஊகத்துக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு கேள்வியே கற்றுக்கொடுத்துவிடும்.

வகுப்பில் செய்ய எளிய செயல்பாடு ஒன்று சொல்கிறேன். 66 அடி நீளக் கயிறு ஒன்று தயார் செய்யுங்கள். பத்துச் சம பாகமாக முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். மைதானத்தில் 66 அடிக்கு 66 அடியாக ஒரு சதுரம் போடச் சொல்லுங்கள். அது ஒரு சதுரச் சங்கிலி. 4,356 சதுர அடி. சரியாக 10 சென்ட். பிள்ளைகள் அதற்குள் அடி வைத்து, சால் போடுவது போலப் போய்த் திரும்பட்டும். சால் அகலம் ஓர் அடி என்று வைத்து 66 சால் நடந்தால் முக்கால் மைலுக்கும் கொஞ்சம் மேல். எல்லோரும் முழுதாக நடக்க வேண்டாம். குழுவாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பிறகு இதைப்போலப் பத்து மடங்கு ஒரு ஏக்கர் என்று சொல்லுங்கள். கணக்கு, ஆங்கிலம், சமூக அறிவியல் மூன்றும் ஒரே மைதானத்தில் முடிந்துவிடும். மாலையில் வீட்டுப் பெரியவர்களிடம், நிலத்தை எதனால் அளந்தீர்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். நான் செய்தபோது வந்த பதில்களில் பாதி எனக்கே தெரியாதவை.

முடிப்பதற்கு முன், அந்தப் பையனைப் பற்றி.

சென்ற ஜூன் மாதம், மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க ஒருவர் வந்தார். நான் இப்போது பணிபுரியும் பள்ளி அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. "என்னைத் தெரியுதா சார்?" என்றார். தெரிந்தது. சேர்க்கை வேலை முடிந்ததும் உட்காரச் சொல்லி, ஒரு தாளில் நீளப் பட்டை ஒன்றை வரைந்து, 660, 66 என்று எழுதி, 43,560 எங்கிருந்து வந்தது என்று விளக்கினேன். கேள்வி கேட்டு 24 ஆண்டுகளுக்குப் பிறகு பதில். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது நடந்த கணக்கா சார்?" என்றார். "ஆமாம்ப்பா" என்றேன்.

பிறகு சிரித்துக்கொண்டே, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அடுத்த கேள்வி ஒண்ணு கேட்டிருப்பேன் சார்" என்றார்.

"இப்பக் கேளு" என்றேன்.

"மறந்துபோச்சு சார்."

அவருடைய மகள் இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். நிறையக் கேள்வி கேட்கிறாள். பதில் தெரியாதபோது, "எனக்குத் தெரியலம்மா, நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சொன்னபடி மறுநாள் சொல்லியும்விடுகிறேன்.